தாய்க்கு ஒரு மனு, பிள்ளைக்கு ஒரு மனு

அமெரிக்கப் பிரஜை ஒருவர் சீன தேசத்து மாது ஒருவரை விவாகம் செய்துகொள்கிறார். அம்மாதுக்கு முந்தின விவாகத்தில் பிறந்த பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். இருவரையும் தம் இல்லத்திற்கு அழைத்துக்கொள்ள அவர் விரும்புகிறார். இதில் சர்க்காருக்கு என்ன வழக்கு என்று நேயர்கள் கேட்கலாம். வழக்கு உண்டு, அது நூற்றைம்பது வருஷ காலமாக நடந்து வருவது.

1875-ம் வருஷத்துப் பேஜ் சட்டம், துன்மார்க்கத் தொழிலுக்கென்று கொண்டுவரப்படும் ஸ்திரீகளைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு பிறந்தது. நடைமுறையிலோ, மானமுள்ள சீன மனைவியரையும் அது கரையேற விடவில்லை. 1882-ல் சீனத் தொழிலாளர் யாவரும் விலக்கப்பட்டனர். வர்த்தகரின் மனைவியும் இளம் பிள்ளைகளும் வரலாமென்று 1900-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பின்னர் 1924-ல், பிரஜா உரிமை பெறத் தகாதவரென்று கருதப்பட்ட ஆசியர் குடியேறலாகாதெனச் சட்டம் செய்தனர். அதன் விளைவு விபரீதமானது. 1925 மே 25-ந் தேதி அக்கோர்ட்டார் ஒரே தினத்தில் இரண்டு தீர்ப்புகள் சொன்னார்கள். அந்நியரான சீன வர்த்தகர், உடன்படிக்கையின் பலத்தால், தம் மனைவி மக்களை வரவழைக்கலாம். சீன வம்சத்தவரான அமெரிக்கப் பிரஜையோ தம் மனைவியை வரவழைக்கக்கூடாது! பிரஜையாயிருப்பதைக் காட்டிலும் அந்நியனாயிருப்பதே மேலென்று சொல்லும் சட்டத்தை என்னென்பது?

1910 முதல் 1940 வரை ஸான் பிரான்ஸிஸ்கோ துறையிலுள்ள ஏஞ்சல் தீவில் சீனச் சிறுவர்களும் காவலில் வைக்கப்பட்டார்கள். கிராமத்தில் வீடுகள் எத்தனை, கிணறு எந்தத் திசையில் என்றெல்லாம் அவர்களிடம் கேள்வி கேட்டு, தந்தை சொன்ன விடையோடு ஒத்துப்பார்த்தனர். யுத்தத்தில் சீனாவின் துணை வேண்டியிருந்த 1943-ல்தான் விலக்குச் சட்டம் ரத்தாயிற்று. அப்போதும் வருஷத்திற்கு 105 பேருக்கே இடமளித்தனர். பிரஜைகளின் சீன மனைவியருக்கு அக்கணக்கினின்று விலக்களிக்க 1946 வரை காத்திருக்க நேர்ந்தது. நம்மவரும் இந்த அவமதிப்புக்குத் தப்பவில்லை. 1917-ல் இந்தியருக்கு வாயில் அடைக்கப்பட்டது; 1946-ல் திறந்தபோது வருஷத்திற்கு 100 பேரே அனுமதிக்கப்பட்டனர். ஜாதிக் கணக்கு 1965-ம் வருஷச் சட்டத்தால்தான் ஒழிந்தது.

இன்று சீன மனைவி என்பதற்காக எவரும் தடுக்கப்படுவதில்லை. ஆனால் பிள்ளையின் விஷயத்தில் சட்டம் இன்னும் பஞ்சாங்கத்தைப் பார்த்தே பேசுகிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையுமுன் விவாகம் நடந்திருந்தாலன்றி, சட்டத்தின் கண்ணில் அவன் அப்பிரஜைக்கு மகனாகான். பிறந்த நாளுக்கு முன்தினம் மணம் முடிந்தால் மகன். பிறந்த நாளன்று முடிந்தால் யாரோ ஒருவன். அப்போது தாய் முதலில் நிரந்தர வாசம் பெற்று, பின்பு தாமே மகனுக்காக மனுச் செய்து, வரிசையில் காத்திருக்கவேண்டும்.

காலத்தில் மணம் முடிந்தவர்க்கும் ஓர் எச்சரிக்கை. மனைவிக்கென்று பிரஜை செய்யும் மனு பிள்ளையைத் தன்னோடு இழுத்து வராது. அவனுக்கென்று தனி மனு வேண்டும். இதை அறியாத குடும்பங்களில் தாய்க்கு அனுமதி வந்தபின் பிள்ளை பின்தங்க நேரும். மணம் செய்துகொள்ளப் போகிறவளென்று வரவழைக்கும் முறையில் மட்டும், இருபத்தொரு வயது நிறையாத, விவாகமாகாத பிள்ளை தாயின் மனுவிலேயே சேர்ந்து வரலாம். முந்தின விவாகம் முடிவுற்றதற்கான பத்திரமும், குடும்பத்தைத் தாங்கும் வருமானத்திற்கான பிரமாணமும் கொடுக்கவேண்டும். பொதுவாக அவ்வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 100-க்கு 125 பங்காக இருக்கவேண்டும். சீனப் பெருநிலத்தினர் யாவரும் குடியேற்ற அனுமதிக்குக் குவாங்ஜோ நகரத்து ஸ்தானிகர் காரியாலயத்திற்கே செல்லவேண்டும்.

வந்து சேர்ந்த பின்னும் பேதம் தீர்வதில்லை. கணவரோடு வாழும் மனைவி மூன்று வருஷத்தில் பிரஜா உரிமை கோரலாம். சுவீகாரம் செய்யப்படாத பிள்ளைக்கு அச்சலுகை இல்லை. பதினெட்டு வயதுக்குள் தாய் பிரஜையாகிவிட்டால், அவரிடம் நிரந்தர வாச உரிமையுடன் வளரும் பிள்ளையும் பிரஜையாவான். பதினேழில் வந்தவனுக்கு அதற்கேது அவகாசம்? அவன் ஐந்து வருஷம் காத்திருந்து தானே மனுச் செய்யவேண்டும்.

பொய் விவாகங்களைத் தடுக்கச் சர்க்காருக்கு உரிமையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கு விசாரணை இருக்கிறது, பொய்யெனில் தண்டிக்கட்டும். ஆனால் மெய்யான விவாகமென்று ஒப்புக்கொண்டு தாயை உள்ளே விட்டபின், பிறந்த தேதியைக் காட்டி மகனை வெளியே நிறுத்துவதால் எந்த மோசடி தடுக்கப்படுகிறது? தாயோடு ஒரே வீட்டில் வாழும் விவாகமாகாத பிள்ளையை, இருபத்தொரு வயதுவரை, அந்த ஒரே மனுவில் ஏற்பதே நியாயம். நிச்சயமான பெண்ணின் பிள்ளைக்கு அளிக்கும் சலுகையை மணமான மனைவியின் பிள்ளைக்கு மறுப்பானேன்? 1925-ல் பிரஜையின் மனைவியைத் தடுத்தது தவறென்று பிற்காலத்து அமெரிக்கரே உணர்ந்து சட்டத்தை மாற்றினார்கள். அவள் பிள்ளைக்கும் அந்த நியாயத்தை வழங்குவது அவர்கள் சட்டசபையின் கடமை. அதுவரையில், இத்தகைய குடும்பத்தினர் பிள்ளையின் பிறந்த தேதியை முதலில் பார்த்து, பிறகு மண நாளைக் குறிப்பார்களாக.