ஒன்றாம் எண் தாங்கிய விமானப் படையணி

ஒரு நாட்டின் விமானப் படை வலிமையைப் பேசும்போது தனித்தனி விமானங்களின் எண்ணிக்கையைவிட 'ஸ்குவாட்ரன்' எனப்படும் அணிகளின் எண்ணிக்கையையே வல்லுநர்கள் முதலில் குறிப்பிடுவர். இந்தியாவில் ஒரு போர் விமான ஸ்குவாட்ரன் என்பது பொதுவாக 16 முதல் 18 விமானங்களையும், அவற்றை ஓட்டும் விமானிகளையும், இரவு பகலாக அவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் ஒரே தலைமையின்கீழ்க் கொண்ட அமைப்பாகும். விமானிகள் சில ஆண்டுகளில் வேறிடம் மாற்றலாகிச் செல்வர். விமானங்கள் பழையனவாகிக் கழிக்கப்படும். தளமும் அவ்வப்போது மாறும். எஞ்சுவன அணியின் எண்ணும், சின்னமும், பெயரில் ஏறிய போர் வரலாறுமே. இவ்வளவு மாறியபின்னும் ஓர் அணியைப் பழைய அணி என்றே சொல்லலாமா என்னும் கேள்விக்கு, 'புலிகள்' என்ற பட்டப்பெயர் கொண்ட இந்திய விமானப் படையின் 1-ஆம் ஸ்குவாட்ரனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி நிறுவப்பட்டபோது அதனிடம் விமானம் எதுவும் இல்லை. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில், பிரிட்டனில் பயிற்சி பெற்ற ஆறு அதிகாரிகளையும், 'ஹவாய் சிப்பாய்' என அழைக்கப்பட்ட 19 பணியாளர்களையும், நான்கு வாப்பிட்டி விமானங்களையும் கொண்டு 1-ஆம் ஸ்குவாட்ரனின் முதற்பகுதி அமைக்கப்பட்டது. அன்றைய விமானப் படை முழுவதும் அவ்வளவுதான். முழு அணியாக வளர்வதற்கே 1938 வரை ஆயிற்று என்பதிலிருந்து, இந்தியர்கள் கையில் வான்படையைக் கொடுப்பதில் ஆங்கில அரசு எவ்வளவு தாராளமாக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வாப்பிட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்ட, கூரையற்ற, இருவர் அமரும் விமானம். செலவைக் குறைப்பதற்காக முதல் உலகப் போர்க் கால விமானமொன்றின் உதிரிபாகங்களைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டது. எதிரி விமானத்தோடு மோதுவது அதன் வேலையன்று. தரைப்படைக்குக் கண்ணாகவும் தூதாகவும் இருப்பதே அதன் வேலை. தரையிலுள்ள வீரர்கள் இரண்டு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டி, அதில் செய்திப் பையைப் பொருத்தி வைப்பர். விமானி தரையை உரசும் அளவுக்குத் தாழ்ந்து வந்து, விமானத்தின் அடியில் தொங்கும் கொக்கியால் அதைக் கவ்விக்கொண்டு மேலெழுவார். வடமேற்கு எல்லையின் வஜிரிஸ்தான் மலைப்பகுதியில், மிரான்ஷா தளத்திலிருந்து, பழங்குடிகளை ஒடுக்கிக்கொண்டிருந்த தரைப்படைக்கு இவ்வகை உதவிகளைச் செய்ததே இவ்வணியின் முதல் போர் அனுபவம். பேரரசின் காவல்பணியாகிய அதனைப் பெருமைப் பட்டியலில் சேர்ப்பதா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் பிற்காலத் தலைவர்கள் தொழில் கற்ற இடம் அதுவே. 1939-இல் இவ்வணிக்குத் தலைமை ஏற்று, ஒரு ஸ்குவாட்ரனை நடத்திய முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜி, 1954-இல் விமானப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார்.

இரண்டாம் உலகப் போரின்போது, பம்பாய் மக்களின் போர் நிதியிலிருந்து அளிக்கப்பட்ட லைசாண்டர் விமானங்களுடன் 1942 பிப்ரவரியில் இவ்வணி பர்மாவின் டவுங்கூவில் இறங்கியது. லைசாண்டரும் உளவு பார்க்கவும் செய்தி கொண்டுசெல்லவும் உருவான மெதுவான விமானம்தான். எனினும் அணித்தலைவர் கே.கே. மஜும்தார் அதில் கனமான குண்டுகளைப் பொருத்தி, தாய்லாந்து எல்லைக்குள் ஜப்பானியர் பயன்படுத்திய மே ஹாங் சோன் விமானத் தளத்தைத் தாக்கினார். ஏவலுக்காகக் காத்திருக்கும் துணைப்படை என்னும் நிலையிலிருந்து, தானாகவே எதிரியைத் தேடிச் செல்லும் படை என்னும் நிலைக்கு இந்திய விமானிகள் நகர்ந்த இடமாக அந்தத் தாக்குதலைக் கருதலாம். மஜும்தார் 1945-இல் லாகூரில் சாகசப் பறத்தலின்போது விபத்தில் உயிரிழந்தார்.

அடுத்து ஹரிக்கேன் விமானங்களுக்கு மாறிய அணி, 1944 தொடக்கத்தில் அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலுக்குச் சென்று, ஜப்பானியர் அந்நகரை முற்றுகையிட்ட மாதங்கள் முழுவதும் அங்கேயே தங்கிப் போரிட்டது. விமானங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே சென்றன. முன்செல்லும் விமானி காட்டுக்குள் பகைவர் நடமாட்டத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ள, பின்வருபவர் இடமும் வலமுமாக வளைந்து பறந்து வானத்தைக் காவல் காத்தார். தரையை உற்று நோக்குபவரால் தன் முதுகைப் பார்க்க இயலாது என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம். 1965 போரின்போது விமானப் படைத் தலைமைத் தளபதியாக இருந்தவரும் இதே அர்ஜன் சிங்தான்.

1947-இல் நாடு பிரிந்தபோது படைகளும் பங்கிடப்பட்டன. 1-ஆம் ஸ்குவாட்ரனின் விமானங்களும் தளவாடங்களும் பாகிஸ்தானுக்குப் போக, அணி கலைக்கப்பட்டு எண் மட்டும் இந்தியாவிடம் தங்கியது. இவ்வாறு ஓர் அணியைச் செயலற்றதாக்கி, அதன் எண்ணையும் சின்னத்தையும் பின்னாளைய பயன்பாட்டுக்காக எடுத்து வைப்பதைப் படைத்துறையில் 'நம்பர் பிளேட்' செய்தல் என்பர். ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு இடைவெளிக்குப்பின், 1953 ஜனவரி 26 அன்று, அப்போது இயங்கிவந்த 15-ஆம் ஸ்குவாட்ரனுக்கு 1 என்ற எண் சூட்டப்பட்டது. பிள்ளையில்லாத வீட்டுக்குத் தத்துப்பிள்ளை வந்து குலப்பெயரையும் சொத்தையும் ஏற்பது போல, வாப்பிட்டியைத் தொட்டேயிராத ஓர் அணி மிரான்ஷாவுக்கும் இம்பாலுக்கும் வாரிசானது. கண்டிப்பான வரலாற்றாசிரியர் ஒருவர் இதனை உண்மையான தொடர்ச்சி என ஒப்பமாட்டார். ஆனால் பழைய பெயருக்குக் குறை வரக்கூடாது என்ற எண்ணம் படைவீரர்களிடம் எவ்வளவு ஆழமாக வேலை செய்யும் என்பதை அறிந்தவர்களே இம்முடிவை எடுத்திருக்க வேண்டும்.

அதன்பின் ஜெட் காலம். வேம்பயரையும் அடுத்து பிரான்சின் மிஸ்டேர் விமானத்தையும் ஓட்டிய இவ்வணி, 1965 செப்டம்பர் 7 அன்று விடியும் முன் ஆதம்பூரிலிருந்து புறப்பட்டு, பாகிஸ்தானின் முதன்மை விமானத் தளமான சர்கோதாவைத் தாக்கியது. விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா முன்னின்று நடத்திய அத்தாக்குதலில், மாற்று விமானியாகக் காத்திருந்து கடைசியில் சேர்ந்துகொண்டவர் குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவையா. திரும்பும் வழியில் துரத்தி வந்த பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானம், ஒலியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் செல்லக்கூடியது. தேவையாவின் மிஸ்டேரோ நேர்ப்பறப்பில் ஒலி வேகத்தை எட்டாதது. அடிபட்ட விமானத்துடனேயே அவர் திரும்பிப் போரிட்டு ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தினார். அதன் விமானி குதித்து உயிர்தப்ப, தேவையா மாண்டார். இந்தியத் தரப்பில் எவரும் இதைக் கண்ணால் காணவில்லை என்பதால் அவர் காணாமற்போனவராகவே பல்லாண்டு கருதப்பட்டார். பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃப்ரிக்கர், பாகிஸ்தான் தரப்புச் செய்திகளைக் கொண்டு 1979-இல் வெளியிட்ட நூலின் வழியேதான் நடந்தது வெளிப்பட்டது. மகாவீர் சக்ரா விருது 1988-இல், மறைந்து 23 ஆண்டுகளுக்குப்பின் வழங்கப்பட்டது. ஒரு வீரனின் பெருமைக்குப் பகைவர் தரப்பே சாட்சியானது போர் வரலாற்றில் அரிது.

மிக்-21 விமானங்களுடன் 1971 போரைக் கண்டபின், 1986-இல் குவாலியர் தளத்தில் இவ்வணி மிராஜ் 2000 விமானத்துக்கு மாறியது. இதில் விமானியின் கைப்பிடி அசைவு கம்பிகளாலோ தண்டுகளாலோ நேராக இறக்கைக்குப் போகாமல், மின்குறிப்பாகக் கணினிக்குச் சென்று, அது கணித்தபடியே இறக்கையின் அசையும் பகுதிகள் திரும்புகின்றன. 1999 கார்கில் போரில் மிராஜ்கள் லேசர் வழிகாட்டுக் குண்டுகளை வீசியது பரவலாக அறியப்பட்டது. ஆயினும் அப்போரில் டைகர் ஹில் ('புலி மலை') என்னும் சிகரத்தின்மீது நடத்திய தாக்குதலின் புகழ் அதே தளத்தின் 7-ஆம் ஸ்குவாட்ரனுக்கே உரியது. 'புலிகள்' என்ற பெயரைக் கண்டு அதை 1-ஆம் அணியின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

எண்களை எடுத்து வைத்து மீண்டும் சூட்டும் வழக்கத்தைத் தமிழ்நாட்டிலும் அண்மையில் காண முடிந்தது. தேஜஸ் விமானங்களுடன் பெங்களூரில் 2016-இல் உயிர்ப்பிக்கப்பட்ட 45-ஆம் ஸ்குவாட்ரன் 2018-இல் கோவைக்கருகே உள்ள சூலூருக்கு வந்தது. 2020-இல் 18-ஆம் ஸ்குவாட்ரன் சூலூரிலும், 222-ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30 விமானங்களுடன் தஞ்சாவூரிலும் மீண்டும் தொடங்கப்பட்டன. ஆனால் பிறப்பைவிட ஓய்வே வேகமாக நடக்கிறது: மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றபின், அனுமதிக்கப்பட்ட 42 போர் விமான அணிகளுக்கு 29 மட்டுமே எஞ்சின. 51 மிராஜ்களை நவீனமாக்க 2011-இல் ஒப்பந்தம் செய்யப்பட்டதால் 1-ஆம் ஸ்குவாட்ரன் இன்னும் சில ஆண்டுகளுக்கு அவற்றையே ஓட்டும்; அதன்பின் அந்த இடத்துக்கு வர வேண்டியதாகத் திட்டமிடப்பட்டுள்ள தேஜஸ் மார்க்-2 இன்னும் படையில் சேரவில்லை.