பூட்டு ஒன்று, சாவி கேட்டது எத்தனைக்கு?

திறக்கவே முடியாது என்றனர். செய்தவன் வந்தாலொழிய வழியே இல்லை என்று வழக்குமன்றம் ஏறினர். கைவிரித்து நின்றவர் யார்? வல்லரசாம் அமெரிக்காவின் துப்பறியும் துறை, எஃப்.பி.ஐ.! திறக்க வேண்டிய பொருள்? கையளவே உள்ள ஒரு போன்!

2015 டிசம்பர் 2. கலிபோர்னியாவிலே சான் பெர்னார்டினோ எனும் ஊர். கணவனும் மனைவியுமாக வந்த இருவர் சுட்டதில் 14 பேர் மாண்டனர்; 22 பேர் காயமுற்றனர். சுட்டவர்களும் அன்றே போலீசாரின் குண்டுக்கு இரையாயினர். சொந்த போன்களை அவர்கள் முன்பே நொறுக்கிவிட்டிருந்தனர். மிஞ்சியது, கணவன் வேலை பார்த்த மாவட்ட நிர்வாகம் கொடுத்திருந்த ஐபோன் 5சி. உள்ளே என்ன இருக்கிறது, யாரோடு பேசினர் என்று அறிய வேண்டாமா? வேண்டும், தோழர்களே! பிணத்தின் மீது விழுந்து அழுத குடும்பங்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் பூட்டு பொல்லாதது. இரகசிய எண்ணைப் பத்துமுறை தவறாக அழுத்தினால் உள்ளிருப்பதெல்லாம் அழிந்துபோகக்கூடும். நினைவுச் சில்லைப் பெயர்த்தெடுத்து வேறு கணினியிலே படிக்கலாமென்றால், எழுத்தெல்லாம் புரியாத சங்கேதம். அதை அவிழ்க்கத் தேவையான இரகசியமோ அந்த போனின் மூளைச் சில்லுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. ஆகவே அந்த போனிலேதான் எண்ணை அழுத்தியாக வேண்டும், அழுத்தவோ அச்சம்!

2016 பிப்ரவரி 16இல் மாஜிஸ்திரேட் ஆணை பிறந்தது. பத்துமுறைக் காவலை நீக்கும் புதிய மென்பொருளை ஆப்பிள் கம்பெனியே எழுதித் தரவேண்டுமாம்! துணைக்கு எடுத்த சட்டமோ 1789ஆம் ஆண்டினது. தந்திகூட இல்லாத காலத்துச் சட்டம்! கம்பெனி மறுத்தது. ஆப்பிள் முதலாளி நமக்கு மாமனுமல்ல, மச்சானுமல்ல. அவருக்கு அவர் வியாபாரம். ஆயினும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: ஒன்றுக்காகச் செய்த சாவி ஒன்றோடு நிற்குமா? மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞரோ, தம்மிடம் 175 ஐபோன்கள் பூட்டிக் கிடக்கின்றன என்று அந்த மாதமே சொன்னார்!

மார்ச் 22 விசாரணை நாள். முதல்நாள் வந்தது வாய்தா மனு. மார்ச் 28இல் வழக்கே வாபஸ்! ஏன்? வெளியார் ஒருவர் திறந்து கொடுத்துவிட்டார். முடியாதது முடிந்துவிட்டது! கூலி? 9 லட்சம் டாலர் என்று 2017இல் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் சபைக் குழுவிலே சொன்னார்.

இன்னொரு கதை கேளுங்கள். சில்லின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு முயலலாமே என்று வல்லுநர்கள் சொன்னபோது, அது பலிக்காது என்றார் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி. 2016 செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரோபோகாடோவ் அதையே செய்து காட்டினார்! அதே ரக போனை வாங்கினார். சூடுகாட்டி நினைவுச் சில்லைப் பெயர்த்தார், கம்பி இழுத்து வெளியே பொருத்தினார், நகல் எடுத்தார். ஆறுமுறை எண்ணை அழுத்துவது. பிறகு பழைய நகலை மீண்டும் ஏற்றுவது. தவறியதே போனுக்கு நினைவிராது! நான்கு இலக்கமென்றால் 10,000 எண்கள். அத்தனையும் அழுத்திப் பார்க்க ஏறத்தாழ 40 மணி நேரம். உதிரிப் பொருள்களின் செலவு 100 டாலருக்கும் குறைவு. ஈயம் பற்றவைக்கத் தெரிந்த கையும் பொறுமையும் போதும். பட்டறையிலே நிற்கும் நம் தோழருக்கு இது விளங்காததல்ல.

பின் ஏன் மன்றம் ஏறினர்? 2018 மார்ச்சில் நீதித்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் தந்த அறிக்கையைப் புரட்டுங்கள். அதிகாரிகள் பொய் சொன்னதாக அது கூறவில்லை. ஆனால் எஃப்.பி.ஐ.யின் ஒரு பிரிவுக்குத் தெரிந்த வெளியார் ஒருவர், திறக்கும் வேலையில் 90 விழுக்காட்டை நெருங்கியிருந்தார் என்கிறது. வழக்குத் தொடுக்கும் தறுவாய் வரையில் அந்தப் பிரிவை யாரும் சரியாகக் கேட்கவேயில்லை! போன் திறந்ததும், பொறுப்பிலிருந்த பிரிவின் தலைவர் மகிழ்ந்தாரா? வழக்கு நின்றுபோயிற்றே என்று வருந்தினாராம்!