குளிரும் இயந்திரமும் உழைப்பும்: கண்டி மலைப்புறத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

உழவுக்கும் நெசவுக்கும் உரிய சொற்களைப் பழைய நூல்களிலே தேடித் தொகுப்பதை நாம் ஆய்வு என்கிறோம். ஆனால் லொறிச் சாரதிகளும் கராஜ் தொழிலாளரும் எமது காலத்திலேயே வளர்த்தெடுத்த அறிவை அவ்வாறு நாம் கணக்கில் எடுப்பதில்லை. குளிர்ந்த காலைவேளையில் நின்றுபோன மோட்டார் வாகனமொன்றை இயங்கச் செய்வது எவ்வாறு என்பது வெளிப்பார்வைக்குச் சிறியதொரு வினாவாகவே தோன்றும். அதன் பௌதிக அடிப்படையையும், கண்டி மலைப்புறத்திலே அது பெறும் தனித்தன்மையையும், அதன் சமூகப் பரிமாணத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு நிலவும் மார்கழிக் குளிர் நல்ல நிலையிலுள்ள வாகனத்தை முடக்குமளவுக்குக் கடுமையானதன்று. ஆனால் பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறிச்செல்லும் பெருந்தெரு, நுவரெலியாவை அடைகையில் 1,860 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை எட்டிவிடுகின்றது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். வானந் தெளிந்த தை, மாசி இரவுகளிலே கனத்த குளிர்காற்றுப் பள்ளங்களில் தேங்க, புல்லின்மீதும் தேயிலைக் கொழுந்தின்மீதும் உறைபனி படிவதுண்டு. வட கனடாவின் குளிரோடு இதனை ஒப்பிட முடியாதுதான். எனினும் வெப்பநாட்டுக்கென நிரப்பப்பட்ட எண்ணெயும் தேய்ந்த பற்றரியும் கொண்ட பழைய வாகனத்துக்கு இதுவே கடுங்குளிராகும். குளிரின் கடுமையை வெப்பமானி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனை எதிர்கொள்ளும் பொருளின் நிலையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது.

குளிரில் எஞ்சின் இயங்க மறுப்பதற்கான காரணங்களுள் முதலாவது எரிபொருள் பற்றியது. பெற்றோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரிகின்றது. குளிரில் அதன் சிறுபகுதியே ஆவியாகும். எஞ்சியது எஞ்சினின் உட்சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடும். ஆகவே, வேண்டிய அளவு ஆவியைப் பெறுவதற்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலின் விகிதத்தைக் கூட்ட வேண்டியுள்ளது. பழைய கார்களிலே கையால் இழுக்கப்படும் 'சோக்' இப்பணியையே செய்கின்றது. இன்றைய கார்களில் எஞ்சினின் வெப்பநிலையை உணரும் கருவியும் கணினியும் இதனைத் தாமாகவே செய்துவிடுகின்றன.

இரண்டாவது காரணம் எண்ணெய், மூன்றாவது பற்றரி. குளிரில் எண்ணெயின் பிசுக்குமை கூடுவதால் எஞ்சினைச் சுழற்றுவதற்கு அதிக விசை தேவைப்படுகின்றது. அதே குளிர் பற்றரியினுள் நிகழும் இரசாயனத் தாக்கத்தையும் மந்தமாக்குகின்றது. நல்ல நிலையிலுள்ள ஈய-அமிலப் பற்றரிகூட, 25 பாகையில் தரக்கூடிய வலுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினையே உறைநிலையில் தரும். தேவை கூடும் வேளையிலேயே வழங்கல் குறைகின்றது என்னும் இம்முரண்பாடே பிரச்சினையின் மையமாகும். எண்ணெய்ப் போத்தல்களில் 15டபிள்யூ-40 எனக் குறிக்கப்படுவதில் 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்திலே குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தாகும். அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, குளிரில் அவ்வெண்ணெய் இலகுவாக ஓடும்.

டீசல் எஞ்சினிலே தீப்பொறிக்கு இடமில்லை. உள்ளிழுக்கப்பட்ட காற்று அதன் கனவளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படும்போது எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. காற்றும் இரும்புச் சுவரும் குளிர்ந்திருந்தால் அவ்வெப்பம் போதாமற் போகும். இதற்காகவே பல டீசல் எஞ்சின்களில் 'ஹீற்றர் பிளக்' பொருத்தப்பட்டுள்ளது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே ஸ்ராட்டரை இயக்க வேண்டும். அவ்விளக்கு அணைவதற்குமுன் அவசரப்படுவோர் பற்றரியையே வீணாக்குகின்றனர்.

இவை எந்நாட்டுக்கும் பொதுவானவை. எமது மலைப்புறத்துக்கே சிறப்பாக உரியது நான்காவது காரணமாகிய ஈரமாகும். ஐரோப்பியக் குளிர்காலத்தின் உறைந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. றம்பொடைக் கணவாயிலோ மூடுபனி இரவு முழுவதும் எஞ்சினின்மீது நீராகப் படிகின்றது. பழைய பெற்றோல் கார்களிலே டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் பிளக் வயர்களிலும் படியும் ஈரத்தினூடாக மின்சாரம் கசிந்துபோக, பிளக்கிலே தீப்பொறி எழுவதில்லை. சாரதியோ பெற்றோல் போதவில்லையென எண்ணிச் சோக்கை மேலும் இழுக்கிறார். நுவரெலியாவின் உயரத்திலே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவாகையால், காபரேற்றர் எஞ்சினின் கலவை அங்கு இயல்பாகவே பெற்றோல் மிகுந்ததாகும். மிகையான சோக் பிளக்கை நனைத்து நிலைமையை மேலும் மோசமாக்கும். ஆகவே, சமவெளியின் கடுங்குளிரை மனங்கொண்டு எழுதப்பட்ட கைந்நூல் சொல்வதை மலைநாட்டுச் சாரதி அப்படியே பின்பற்றுவது பயன் தராது. உலர்ந்த துணியால் மூடியையும் வயர்களையும் துடைத்தபின் சோக்கை அளவோடு இழுப்பதே இங்கு பொருந்தும் முறையாகும்.

இவற்றிலிருந்து நடைமுறை ஒழுங்கொன்று பெறப்படுகின்றது. விளக்கு, வானொலி முதலிய மின்கருவிகளை அணைத்துவிட வேண்டும். பற்றரி முனைகளிலே படிந்த வெண்பூச்சை நீக்கி இறுக்க வேண்டும். கையால் கியர் மாற்றும் வாகனமாயின் கிளச்சை மிதித்துக்கொண்டால், கியர்ப்பெட்டியிலுள்ள தடித்த எண்ணெயின் பாரம் எஞ்சினைச் சேராது. ஸ்ராட்டரை ஒரே முறையில் பத்து விநாடிக்கு மேல் இயக்காது, ஒரு நிமிடம் ஓயவிட்டு மீண்டும் முயலவேண்டும். அவ்வோய்வில் பற்றரி ஓரளவு வலுவை மீளப்பெறும். பெற்றோல் மணம் எழுந்தால் சோக்கை முற்றாக உள்ளே தள்ளி, அக்சிலரேற்றரை முழுவதும் மிதித்தவாறு சுழற்ற வேண்டும். எஞ்சினின் கீழ் நெருப்பு மூட்டுதல் உயிராபத்தானது. மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிடுதலும் அவ்வாறே. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்ற நஞ்சாகும்.

மலைநாட்டுச் சாரதிகள் கைக்கொள்ளும் மற்றொரு முறை, வாகனத்தை இரவில் இறக்கத்தை நோக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை அணையாக வைப்பதாகும். காலையிலே கல்லை எடுத்து, வாகனத்தை உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விடும்போது பற்றரியின் வேலையை மலைச்சரிவே செய்துவிடுகின்றது. தானியங்கிக் கியர் கொண்ட வாகனங்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் இம்முறை பொருந்தாது. இறக்கமில்லாத இடத்தில் மனிதரே தள்ள வேண்டியுள்ளது.

அவ்வாறு தள்ளுவோர் யாவர் என்னும் வினா இங்கு எழுகின்றது. மின் ஸ்ராட்டர் அமெரிக்காவிலே 1911ஆம் ஆண்டு சார்ள்ஸ் கெற்றரிங்கால் உருவாக்கப்பட்டு, அடுத்த ஆண்டு காடிலாக் கார்களிற் பொருத்தப்பட்டது. அதற்குமுன் எஞ்சினை ஹாண்டிலாற் சுழற்றுவதே வழக்கம்; அது திடீரெனத் திருப்பியடித்தாற் கை முறியும். காருடையவர் உள்ளே அமர்ந்திருக்க, அவ்வாபத்தை ஏற்றவர் பெரும்பாலும் கூலிக்கு அமர்ந்த சாரதியே. ஸ்ராட்டர் அவ்வுழைப்பை நீக்கியது உண்மையே. எனினும் பற்றரியைக் காலத்தில் மாற்ற வசதியற்ற இடங்களிலே அவ்வுழைப்பு மனித உடலுக்கே மீண்டும் திரும்பிவிடுகின்றது.

தோட்டப்புறத்திலே இது மிகக் கூர்மையாகப் புலப்படும். கொழுந்தேற்றும் லொறியே பல தோட்டங்களில் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வாகனமாகவும் இருந்து வந்துள்ளது. குளிர்ந்த விடியலில் அது இயங்க மறுப்பது உயிர் சம்பந்தப்பட்ட விடயமாகிவிடுகின்றது. பிரட்டுக்களத்தில் அதே குளிரில் நின்ற தொழிலாளருக்குக் கம்பளிகூட இலவசமாகக் கிடைத்ததில்லை. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. 1972இலும் 1975இலும் நிறைவேறிய நிலச்சீர்திருத்தச் சட்டங்களின்கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை இவ்வாறு கைமாறியபோதும், நின்ற லொறியைத் தள்ளிய கைகள் மாறவில்லை.

ஏனைய நாடுகளின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கனடாவின் கடுங்குளிர் மாகாணங்களிலே எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் மின்கருவியும், அதற்கு மின்னிணைப்பு வழங்கும் வாகனத் தரிப்பிடங்களும் பரவலாக உள்ளன. லடாக்கிலே டீசலிலுள்ள மெழுகு உறைந்து வாகனங்கள் முடங்கிய நிலையில், இந்திய அரசுத்துறை எண்ணெய் நிறுவனம் பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகைவரை உறையாத குளிர்கால டீசலை 2019இல் அறிமுகப்படுத்தியது. ஆகவே, குளிரை வெல்வது தனியொரு சாரதியின் திறமையோ அதிர்ஷ்டமோ அன்று. அதனை ஒரு சமூகம் தன் பொதுப் பொறுப்பாக ஏற்கும்போது எரிபொருளும் மின்னிணைப்பும் ஏற்பாடு செய்யப்படுகின்றன. ஏற்காதபோது அக்குறையை உழைப்பவரின் தோள்கள் ஈடுசெய்கின்றன.

இலங்கையில் 2020 முதல் 2025வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய வாகனங்களின் ஆயுள் மேலும் நீண்டது. அவற்றை ஓடவைத்த அறிவு பெரிதும் வாய்மொழியாகவே வழங்குகின்றது. சோக், ஹீற்றர், செல்ஃப் என அது தனக்குரிய சொற்களை ஏற்கெனவே தேர்ந்துகொண்டுள்ளது. அவற்றுக்குத் தூய தமிழ்ப் பெயரிடுவதை விட, அச்சொற்களோடு அவ்வறிவை எழுத்திலே பதிவுசெய்வதே இன்று எம்முன்னுள்ள பணியாகும். அதனோடு, தோட்டந்தோறும் நோயாளருக்கென எக்காலையிலும் இயங்கத்தக்க வாகனமொன்று வேண்டுமெனக் கோருவதும் அப்பணியின் பகுதியே.