அறுவைக்குப் பின் லேசர் சிகிச்சை

கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டோர் சிலர், நோய் அன்றே நீங்கிற்று என்று எண்ணி மருத்துவரை மறந்துவிடுகின்றனர். அழுத்தம் மீண்டும் ஏறக்கூடும் என்பதை அவர்கள் அறிதல் நலம்.

கண்ணினுள்ளே தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது ஊறுகின்றது. பாவையைச் சூழ்ந்த வண்ணப் படலத்தின் பின்னுள்ள திசு வளையம் அதனைச் சுரக்க, படலத்தின் ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை அதனை வடிக்கின்றது. ஊற்றும் வடிகாலும் ஒத்திருக்குமாயின், அழுத்தம் பெரும்பாலோர்க்குப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் நிற்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நலியும். நலிந்த நரம்பு மீள்வதில்லை.

1968-ஆம் ஆண்டில் கெய்ர்ன்ஸ் என்னும் மருத்துவர் விவரித்த அறுவையில், வெள்விழியில் ஒரு மடலைத் திறந்து, நீர் வடியப் புதுவழி அமைப்பர். ஆயின் உடல் அவ்வழியையும் ஒரு புண்ணாகவே கருதி ஆற்ற முற்படுகின்றது. தழும்பு வளர்ந்தால் வழி தூர்ந்துபோகும்.

இங்கேதான் 1960-இல் மெய்மன் முதன்முதல் இயக்கிக் காட்டிய லேசர் ஒளி துணைக்கு வருகின்றது. அறுவை முடிந்த தொடக்க வாரங்களில் நீர் போதிய அளவு வடியாவிடில், மடலைக் கட்டிய தையலை, மேற்றோலைக் கீறாமலே ஒளியால் அறுத்து வழியை நெகிழ்த்தலாம். கண்புரை அறுவை மட்டும் செய்துகொண்டவர்க்கு வடிகால் மூலை திறந்திருப்பின், இயற்கைச் சல்லடைமீதே ஒளியைப் பாய்ச்சி நீரோட்டத்தைச் சீராக்க முயல்வர்.

வழிகள் யாவும் தூர்ந்த கண்ணுக்கு வேறொரு முறை உண்டு. வடிகாலைத் திருத்த இயலாதபோது ஊற்றைக் குறைப்பதே அது. மரப்பூசி செலுத்தியபின், டயோடு லேசரின் 810 நானோமீட்டர் ஒளியை வெள்விழியின் வழியே செலுத்தி, நீர் சுரக்கும் திசுவின் ஒரு பகுதியை மட்டும் சுட்டு அடக்குவர். மிகுதியாகச் சுட்டால் அழுத்தம் அளவிறந்து தாழ்ந்து கண் சுருங்கவும் கூடும். ஆகவே சிறிது சிறிதாகச் செய்வர். மீண்டும் செய்ய நேர்தலும் உண்டு. சொட்டு மருந்தும் பலருக்குத் தொடரும்.

இம்முறைகளுள் எதுவும் இழந்த பார்வையைத் திருப்பித் தருவதில்லை. எஞ்சிய பார்வையைக் காப்பதே இவற்றின் பயன். அழுத்தம் பெரும்பாலும் வலியின்றியே ஏறுமாதலின், நோவு வரட்டும் என்று காத்திருத்தல் தகாது. அறுவை செய்துகொண்டவர் மருத்துவர் குறித்த நாளில் தவறாது சென்று அழுத்தத்தை அளந்துகொள்வாராக. உரிய காலத்தில் சென்றவர்க்கே ஒளியின் உதவி முழுமையாகக் கிட்டும்.