கீழவளவு மலையில் ஒரு நாள் வகுப்பு

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேருடன் ஒரு சனிக்கிழமை காலை கீழவளவுக்குச் சென்றேன். மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் உள்ள ஊர். அங்குள்ள குன்றை மக்கள் பஞ்சபாண்டவர் மலை என்கிறார்கள். உண்மையில் அங்கே தங்கியவர்கள் சமணத் துறவிகள். அவர்களுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன.

பாறையைப் படித்தல்

"இந்தக் குகைக்குள் மழைத்தண்ணீர் ஏன் வருவதில்லை?" இந்த ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தேன். சற்று நேரத்தில் ஒரு மாணவி பாறையின் முகப்பில் நீளமாக ஓடும் வெட்டைக் காட்டினாள். அதன் பெயர் காடி. பாறையில் வழியும் நீர், பாறையை ஒட்டியே உள்ளே வரப் பார்க்கும். காடியின் விளிம்பில் அந்த ஒட்டு விட்டுப்போய்க் கீழே சொட்டிவிடும். வீட்டுச் சன்ஷேடின் அடியில் கொத்தனார் இழுக்கும் கோடும் இதற்குத்தான். ஒட்டுவிசைப் பாடம் அங்கேயே முடிந்தது.

அடுத்து, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டு. இதன் எழுத்துகள் வழக்கத்துக்கு மாறாக, தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் வெட்டப்பட்டவை. பிள்ளைகள் கைப்பேசிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். படுக்கையைக் கொடையளித்தவர் தொண்டியைச் சேர்ந்த ஓர் அடியவர் என்றதும், "கடற்கரை ஊர்க்காரருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார்கள். தொண்டித் துறைமுகம், மதுரை, வணிகவழி என்று வரைபடம் விரிந்தது.

நான் தவறிய இடம்

திரும்பும் வழியில் கிரானைட் குவாரிகள் தெரிந்தன. வரிசையாகத் துளையிட்டுப் பிளந்த பாறைகள், அடுக்கிய கற்கள், பச்சைத் தண்ணீர் நிறைந்த பள்ளங்கள். "பாருங்கள், மலையையே தின்றுவிட்டார்கள்" என்றேன். பின்னாலிருந்து ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பா அங்கதான் சார் வேலை பார்த்தாரு. இப்ப காது சரியாக் கேக்காது."

என்னிடம் பதில் இல்லை. மலையைக் காக்கும் பாடம், ஒரு பிள்ளை தன் தந்தைக்காகத் தலைகுனியும் பாடமாகிவிடக் கூடாது.

மறுவாரம் அவன் அப்பாவை வகுப்புக்கு அழைத்தோம். எங்கே துளையிட்டால் கல் நேராகப் பிளக்கும் என்று விளக்கினார். கற்படுக்கையின் படத்தைப் பார்த்து, உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியிருக்கிறது என்றும் காட்டினார். பிறகு கரும்பலகையில் இரண்டு பத்திகள் போட்டோம்: இந்தக் கல்லால் யாருக்கு என்ன கிடைத்தது? யாருக்கு என்ன போனது? கூலி, வீடு, ஏற்றுமதி ஒருபுறம். காது, கண்மாய், குன்று மறுபுறம். தீர்ப்பை நான் சொல்லவில்லை. பக்கத்திலுள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது ஏன் என்பதை அவர்களே விவாதித்தார்கள்.

அழைத்துச் செல்லும் முன்

ஒருமுறை நீங்கள் தனியே நடந்து பாருங்கள். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் எழுத்தில் பெறுங்கள். வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். கல்வெட்டின் மீது சுண்ணக்கட்டி, தண்ணீர் எதுவும் படக் கூடாது. பார்த்து வரைந்தால் போதும். குவாரிப் பள்ளங்கள் ஆழமானவை, விளிம்பு செங்குத்தானது. தூரத்திலிருந்து மட்டுமே காட்டுங்கள்.

முக்கியமாக, உங்கள் வகுப்பில் யாருடைய வீட்டில் கல் உடைத்தவர் இருக்கிறார் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.