முதலில் நகல், பிறகு புதுப்பிப்பு
வீட்டு ரவுட்டரில் கை வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

ஒரு கோப்பு மேஜையை விட்டுப் போகுமுன் அதற்கு நகல் எடுத்து வைப்பது குமாஸ்தாக்களின் பழக்கம். அதே பழக்கம், அறை மூலையில் விளக்கு மினுக்கும் ரவுட்டருக்கும் தேவைப்படுகிறது.

மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் ஒரே இணைப்பை நாலைந்து பேர் பங்கு போட்டுக் கொள்ளும் அறைகள் உண்டு. ஊரில் இருக்கும் மனைவி மக்களின் முகத்தைப் பார்ப்பதும், வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் அந்தச் சிறு பெட்டி வழியாகத்தான். அது நின்று போனால் கஷ்டம். அன்னியர் கைக்குப் போனால் அதைவிடக் கஷ்டம்.

5 லட்சம் பெட்டிகள்

ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் நிரலுக்கு 'ஃபர்ம்வேர்' என்று பெயர். அதில் ஓட்டை இருந்தால் திருடன் நுழைவான். 'வி.பி.என். ஃபில்டர்' என்ற விஷ நிரல், குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் ரவுட்டர்களிலும் அதுபோன்ற சாதனங்களிலும் புகுந்திருந்தது 2018 மே மாதம் தெரிய வந்தது. வழியே போகும் விவரங்களைத் திருடவும், பெட்டியையே முடமாக்கவும் அதனால் முடியும்.

லாட்வியா நாட்டு 'மைக்ரோடிக்' ரவுட்டர்களில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க, அதே ஆண்டு ஏப்ரலிலேயே புது நிரல் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட பெட்டிகள் ஆகஸ்டில் ஆயிரக்கணக்கில் திருடர்களிடம் சிக்கின. மருந்து கையில் இருந்தும் குடிக்காத கதைதான்.

நகல் எடுப்பது எப்படி?

கணினியை ரவுட்டருடன் கம்பி மூலம் இணைக்க வேண்டும். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். சரியான எண் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உள்ளே 'பேக்கப்' என்பதை அழுத்தினால் அமைப்புகள் அனைத்தும் ஒரு சிறு கோப்பாக இறங்கிவிடும். அதில் பாஸ்வேர்டுகளும் இருக்குமாதலால் கண்ட இடத்தில் போட்டு வைக்கலாகாது.

அந்தக் கோப்பு வேறு மாடலுக்குப் பொருந்தாது. சில சமயம் புது நிரலே அதை ஏற்காது. ஆகவே இணைப்பு நிறுவனம் கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் ஆகியவற்றை நோட்டிலும் எழுதி வைப்பது உத்தமம். இல்லாவிட்டால் நிறுவனத்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பாதியில் மின்சாரம் போனால்?

புது நிரலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சீட்டில் உள்ள மாடல் எண்ணும், 'வி1', 'வி2' என்ற பதிப்பும் இரண்டுமே பொருந்த வேண்டும். நிரல் ஏறும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பெட்டி மறுபடி உயிர் பெறாமலே போகலாம். மழைக்காலத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வரும் நாளில் இந்த வேலை கூடாது. முடிந்ததும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும்.

இணைப்பு நிறுவனமே கொடுத்த பெட்டியானால், பல சமயம் அவர்களே தொலைவிலிருந்து புதுப்பிப்பார்கள். அவர்களைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். தயாரிப்பாளர் புது நிரல் தருவதையே நிறுத்திவிட்ட பழைய பெட்டிக்கு வைத்தியம் கிடையாது, மாற்றுவதுதான் வழி.

நகல் எடுக்கப் பத்து நிமிஷம் போதும். அதை எடுக்காமல் விட்டால், ஞாயிறு மாலை ஊரிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஆளிருந்தும் வழியிருக்காது.