காணாமற்போன குழந்தையும் பத்திரிகைகளும்

ஒரு குழந்தை காணாமற்போயிற்றெனில் அதனைத் தேடுதற்கு ஆயிரங் கண்களை உதவவல்லது பத்திரிகை. அக்கண்களே தேடுதலுக்குத் தடையாதலும் உண்டு. 1927இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே விமானத்திற் கடந்து புகழ்பெற்றவர் சாள்ஸ் லின்ட்பேர்க். ஐக்கிய அமெரிக்காவில், நியூ யேர்சியிலிருந்த அவர் இல்லத்தினின்றும் 1932 மார்ச்சு 1ஆந் திகதி இரவு அவருடைய இருபது மாதக் குழந்தை கவர்ந்து செல்லப்பட்டபோது இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன.

செய்தி பரவிய சில மணி நேரத்துள் நிருபரும் புகைப்படக்காரரும் வேடிக்கை பார்ப்போரும் அவ்வீட்டைச் சூழ்ந்தனர். நிலத்திற் கிடந்த தடயங்கள் மிதிபட்டன. எனினும், தடிமனால் வருந்திய குழந்தைக்கு ஊட்டவேண்டிய உணவு இன்னதெனத் தாய் எழுதிக் கொடுத்ததை, கவர்ந்தோன் கண்ணிற் படுமாறு வெளியிட்டவையும் பத்திரிகைகளே. அவனோடு பேச்சு நடந்ததிலும் பத்திரிகை விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு. 50,000 டொலர் கொடுக்கப்பட்டது, குழந்தை மீளவில்லை. மே 12இல் அதன் உடல் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்குட்பட்ட காட்டிற் காணப்பட்டது.

பிரேத அறையினுட் புகுந்து அவ்வுடலைப் படம்பிடித்தோரும் இருந்தனர். இதனைச் செய்தி சேகரித்தல் என்பது அத்தொழிலுக்கே இழுக்காகும். 1935இல் நடைபெற்ற விசாரணையின் ஆரவாரத்தின் பின், 1937இல் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் நீதிமன்றத்திற் படம்பிடித்தலை விலக்கி விதி வகுத்தது. லின்ட்பேர்க் குடும்பத்தினரோ அதுவரை காத்திருக்கவில்லை. அச்சுறுத்தற் கடிதங்களுக்கும், இரண்டாம் மகனைத் துரத்திய புகைப்படக்காரருக்கும் அஞ்சி, 1935 டிசம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர்.